பருப்பு வேகும் தண்ணீர்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் தண்ணீரைப் பற்றிப் பேசும் ஜனங்கள் தொன்றுதொட்டு இரண்டே பெயர்களைத்தான் வழங்கி வந்திருக்கிறார்கள். ஒன்று நல்ல தண்ணீர். மற்றொன்று உப்புத் தண்ணீர். ரசாயன சாஸ்திரம் இவ்விரண்டுக்கும் இடையில் பல படிகளை வகுத்து, ஒரு லிட்டர் நீரில் இத்தனை மில்லிகிராம் என்று எண்களால் அளந்து சொல்லும். ஆனால் அடுப்படியை ஆண்டுவந்த பெண்மணிகளுக்கு அந்த அளவுகோல் தேவைப்பட்டதில்லை. உலையில் இட்ட துவரம்பருப்பு குழைய வெந்தால் அது நல்ல தண்ணீர். எத்தனை விறகு எரித்தாலும் பருப்பு விதைவிதையாகவே நின்றால் அது உப்புத் தண்ணீர். சவுக்காரம் நுரைக்காமல் திரிந்துபோனாலும், வெந்நீர் அண்டாவின் உட்புறத்தில் வெள்ளைப் பொருக்குக் கட்டினாலும் தீர்ப்பு அதுவேதான். இந்தத் தீர்ப்புக்கு மேல் அப்பீல் கிடையாது.

இப்படிப்பட்ட நுட்பமான அனுபவ ஞானத்தைச் சுமந்துகொண்டுதான் இராமநாதபுரத்துச் சீமையிலிருந்தும், செட்டிநாட்டிலிருந்தும், நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் முதலிய கடற்கரைப் பட்டினங்களிலிருந்தும் தமிழர்கள் கடல் கடந்து, இன்றைய மலேசியாவைச் சேர்ந்த பினாங்குத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நல்ல தண்ணீருக்காகத் தவம் கிடந்த பூமியிலிருந்து வந்தவர்கள். செட்டிநாட்டு ஊர்களில் பெய்த மழையையெல்லாம் ஊருணியில் தேக்கி, அதில் துணி துவைக்கலாகாது, கால் கழுவலாகாது என்று ஊர்க்கட்டுப்பாடு செய்து காத்தார்கள். பெரிய வீடுகளின் முற்றத்தில் கூரையிலிருந்து ஒழுகும் மழைநீரை அண்டாக்களில் பிடித்துச் சேமித்தார்கள். கடலோரத்து ஊர்களிலோ, ஊருக்கு ஒன்றாக வாய்த்த நல்ல தண்ணீர்க் கிணற்றை நாடிப் பெண்கள் இடுப்பிலும் தலையிலும் குடத்தோடு விடியுமுன் நடந்தார்கள். அத்தகைய மண்ணிலிருந்து வந்தவர்கள், மலையிலிருந்து இடையறாமல் இறங்கிவரும் நல்ல தண்ணீரைக் கண்டபோது என்ன நினைத்திருப்பார்கள் என்பதைச் சொல்ல ஏட்டுச் சான்று வேண்டியதில்லை. அவர்கள் அந்த இடத்துக்கு வைத்த பெயரே போதும். ஆங்கிலேயர் அதை அருவி என்ற பொருளில் அழைத்தார்கள். தமிழர்கள் தண்ணீர்மலை என்றார்கள். கண்ணுக்குத் தெரிந்த காட்சியைக் கொண்டு பெயரிட்டவர்கள் அவர்கள். அந்த மலை கொடுத்த பொருளைக் கொண்டு பெயரிட்டவர்கள் நம்மவர்கள்.

அந்த மலை கொடுத்த தண்ணீருக்கு அத்தனை மென்மை எங்கிருந்து வந்தது என்பதை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். நீரின் கடினத்தன்மை என்பது கால்சியம், மக்னீசியம் என்ற இரண்டு உலோகங்களின் உப்புக்கள் அதில் கரைந்திருப்பதனால் உண்டாவது. இவை பருப்பின் உயிரணுச் சுவர்களில் உள்ள பெக்டின் என்ற பசையோடு கூடி அதை இறுக்கிவிடுவதால் பருப்பு வேக மறுக்கிறது. சவுக்காரத்தோடு கூடி அதைத் தயிர்போல் திரித்துவிடுவதால் நுரை எழ மறுக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் பாகுபாட்டின்படி, கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குக் குறைந்தது மென்னீர். 180-க்கு மிஞ்சியது மிகக் கடினமான நீர். இந்தியத் தர நிர்ணயம் 200 மில்லிகிராம் வரையில் ஏற்கத்தக்கதென்றும், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரையில் பொறுத்துக்கொள்ளலாமென்றும் வகுத்திருக்கிறது. நம் நாட்டு நிலத்தடி நீரின் இயல்பை அந்த விதியே நமக்குச் சொல்லிவிடுகிறது. பினாங்குத் தீவின் முதுகெலும்பாக எழுந்து நிற்கும் மலைத்தொடரோ, நாம் கருங்கல் என்று வழங்கும் கிரானைட்டுப் பாறையினால் ஆனது. பெருநிலத்து ஈப்போவைச் சூழ்ந்த குன்றுகளைப் போலச் சுண்ணாம்புக்கல்லாய் இருந்திருந்தால், அதன் ஊடே ஊறிவரும் மழைநீர் கல்லைக் கரைத்துக் கடினமாகியிருக்கும். கருங்கல்லோ எளிதில் கரையாது. ஆகையால் அடர்ந்த காட்டின் இலைமேல் விழுந்து, வேர்களின் நடுவே கசிந்து, பாறைமேல் வழிந்து ஓடைகளில் சேரும் நீர், ஏறக்குறைய மழையாகவே கீழே வந்து சேருகிறது. ஊருணித் தண்ணீரைப் போற்றிய செட்டிநாட்டார் பினாங்கில் கண்டதும், ஒருவகையில், மலையளவு பெரிய ஓர் ஊருணியையே.

1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11-ஆம் நாள் பிரான்சிஸ் லைட் என்பவர் இந்தத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பேரால் சுவாதீனம் செய்துகொண்டபோது, வங்காளத்துக்கும் சீனத்துக்கும் இடையே பிரயாணம் செய்யும் கப்பல்கள் பழுதுபார்த்துக்கொள்ளவும், தண்ணீரும் உணவும் ஏற்றிக்கொள்ளவும் ஒரு துறை வேண்டும் என்ற எண்ணமே அதன் பின்னால் நின்றது. ஆனால் அவர் நகரத்துக்காகத் தேர்ந்த முனை, கடலை நோக்கித் தாழ்ந்து கிடந்த மணற்பாங்கான சமவெளி. நல்ல தண்ணீர் இருந்த மலையோ சில மைல் தூரத்தில் இருந்தது. மலைக்கும் முனைக்கும் நடுவே கிடந்த இந்தத் தூரத்தைக் கடக்க ஒவ்வொரு தலைமுறையும் செய்த பிரயத்தனமே, அந்த முனையில் எழுந்த ஜார்ஜ்டவுன் நகரத்துத் தண்ணீரின் சரித்திரம்.

முதலில் மாடுகள் அந்தத் தூரத்தைக் கடந்தன. பர்மா ரோடு என்று பின்னாளில் பெயர் பெற்ற நெடுஞ்சாலையைச் சீனர்கள் தண்ணீர் வண்டிச் சாலை என்று பொருள்படும் தங்கள் சொல்லால் அழைத்தார்கள். பீப்பாய்களில் தண்ணீர் சுமந்த மாட்டுவண்டிகள் நகரை நோக்கி வரிசையாய்ப் போன நாட்களின் ஞாபகம் அந்தப் பெயரில் உறைந்துவிட்டது. பிறகு 1804, 1805 ஆகிய ஆண்டுகளில் ராபர்ட் டவுன்சென்ட் பர்க்குவார் என்ற துணைநிலை ஆளுநரின் ஆட்சியில், மலைநீரை நகருக்குள் கொண்டுவரும் கால்வாய் ஒன்று கட்டப்பட்டது. நகரத்துக் கார்ன்வாலிஸ் கோட்டையைச் செங்கல்லும் கல்லுமாகத் திருப்பிக் கட்டியதும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். அக்காலத்துப் பினாங்கு, இந்தியாவின் மூன்று ராஜதானிகளிலிருந்தும் கைதிகள் நாடுகடத்தப்பட்டு வந்து சேர்ந்த இடம் என்பதையும், சாலை போட்டவர்கள், சதுப்பைத் தூர்த்தவர்கள், கல் உடைத்தவர்கள் பெரும்பாலும் அந்தக் கைதிகளே என்பதையும் இங்கே மறந்துவிடலாகாது. ஆளுநர்களின் பெயர்கள் சாலைகளில் நின்றுவிட்டன. கால்விலங்கோடு மண் சுமந்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை.

நகரம் வளர வளர மலையின் மேல் மனிதரின் பார்வை வேறுவிதமாகத் திரும்பியது. மிளகு, ஜாதிக்காய், கிராம்பு ஆகியவற்றுக்காகச் சரிவுகள் வெட்டித் திருத்தப்பட்டன. பின்னாளில் பினாங்கில் வக்கீலாகவும், பத்திராதிபராகவும், பெரிய பண்டிதராகவும் விளங்கிய ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்பவர், தாம் நடத்திவந்த கீழ்த்திசைத் தீவுகள் பற்றிய சஞ்சிகையில், 1848-இல் ஒரு கட்டுரை எழுதினார். மலைக்காடுகளைத் தொடர்ந்து அழித்துவருவதால் பினாங்கின் சீதோஷ்ண நிலைக்கு நேரக்கூடிய தீங்கே அதன் பொருள். சுற்றுச்சூழல் என்ற சொல்லே பொதுவழக்கில் இல்லாத ஒரு காலத்தில், காடும் நீரும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை என்பதை அந்தத் தீவின் மலையைச் சுட்டிக்காட்டி ஒருவர் எடுத்துச் சொன்னார் என்பது நாம் நன்றியோடு நினைக்கத்தக்க செய்தி. 1869-இல் அவர் காலமானபின் நகரத்தார் அவருக்கு எழுப்பிய ஞாபகச் சின்னம் நீதிமன்றத்தின் அருகே இன்றும் நிற்கிறது. அவருடைய எச்சரிக்கை அந்தச் சின்னத்தைவிட நீண்ட ஆயுள் உடையது.

1884-இல் சார்லஸ் கர்ட்டிஸ் என்ற தாவர நிபுணர், பழைய கருங்கல் சுரங்கம் இருந்த பள்ளத்தாக்கில் அருவியின் கீழே ஓர் அழகிய தாவரத் தோட்டத்தை அமைக்கத் தொடங்கினார். கால் நூற்றாண்டு கழிந்ததும் நகரின் தாகம் அந்தத் தோட்டத்தையும் வந்து தொட்டது. 1910-இல் அதை நீர்த்தேக்கமாக மாற்றிவிடும் நோக்கத்துடன் நகராண்மைக் கமிஷனர்களிடம் ஒப்படைத்தார்கள். நல்லவேளையாக அத்திட்டம் கைவிடப்பட்டு, 1912-இல் தோட்டம் பிழைத்தது. தோட்டம் தன் இடத்தில் நின்றுவிட்டது. முருகனோ இடம் மாறினார். அருவியை ஒட்டியிருந்த அவருடைய சிறு சந்நிதி, நீர்ப்பணிகளின் நிமித்தம் அங்கிருந்து பெயர்ந்து அருகிலுள்ள குன்றின்மேல் குடியேறியது என்று கோயில் வரலாறு கூறுகிறது. இன்று 513 படிகளுக்கு மேலே, 2012-இல் புதிதாய் எழுப்பப்பட்ட பெருங்கோயிலில் வீற்றிருக்கும் பாலதண்டாயுதபாணியைத் தரிசிக்கச் செல்லும் பக்தர்களில் எத்தனை பேர், நகரத்துக் குழாயில் தண்ணீர் வருவதற்காகத் தண்ணீர்மலையான் தன் பழைய வீட்டை விட்டுக்கொடுத்தான் என்பதை அறிவார்கள்!

மலைநீரின் மென்மையைத் தங்கள் ஜீவனோபாயமாகவே கொண்ட தமிழர்களும் உண்டு. ஆயர் ஈத்தாம் ஆற்றின் கரையில் தோபிகாட் என்று வழங்கும் இடத்தில் குடியேறிய வண்ணார் குடும்பங்கள், ஊராரின் துணியெல்லாம் அந்த ஆற்றிலே வெளுத்து, அங்கேயே ராமனுக்கு ஒரு கோயிலும் எடுத்து வாழ்ந்தார்கள். ஆயர் ஈத்தாம் என்றால் மலாய் மொழியில் கறுத்த நீர் என்று பொருள். பெயரில் கறுப்பு இருந்தாலும், துணியில் வெண்மையை ஏற்றியது அந்த நீர்தான். சவுக்காரம் சிறிது போட்டாலும் நுரை பொங்கும். அலசினால் உடனே விட்டுப்போகும். துணியில் சாம்பல் படிவதில்லை. உவர்மண்ணைக் கரைத்து வெள்ளாவி வைத்து வெளுத்த பரம்பரையில் வந்தவர்களுக்கு, அந்த ஆறு ஒரு பெரிய மூலதனமாக வாய்த்தது என்றே சொல்ல வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் கதை வேகம் கொள்கிறது. மவுண்ட் எர்ஸ்கின் என்ற குன்றின்மேல் 1929-இல் கட்டப்பட்டு, முன்னாள் ஆளுநர் சர் லாரன்ஸ் கில்லெமார்டின் பெயரைத் தாங்கிய நீர்த்தேக்கம், நகரின் வடபகுதிக்கு ஆதாரமாயிற்று. தெருமுனைக் குழாய்கள் மெல்ல மெல்ல வீட்டுக்குள் வந்தன. 1957 ஜனவரி முதல் நாள் ஜார்ஜ்டவுன் மாநகரம் என்ற பட்டத்தைப் பெற்றது; அதன் முதல் மேயர் டி. எஸ். இராமநாதன். குடிநீர், மின்சாரம், பஸ் போக்குவரத்து ஆகிய மூன்றையும் தானே நடத்திய அந்த மாநகர சபையின் காலத்திலேதான், ஆயர் ஈத்தாம் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் அணை எழுந்து 1962-இல் நிறைவேறியது. அதற்குப் பிறகு மலையடிவாரத்து ரம்பூத்தான் தோட்டங்களும் காய்கறித் தோட்டங்களும் ஒவ்வொன்றாய் வீடுகளாக மாறின. 1980-களில் ஃபார்லிம் என்று ஜனங்கள் அழைக்கும் புதுநகர் தோன்றி, அடுக்குமாடிகள் மலையின் மடியிலேயே நெருங்கி எழுந்தன. அணைக்கு அண்டை வீட்டுக்காரர்களாக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வந்து சேர்ந்தன.

இந்தப் புறநகர் வாசிகளிடம் இன்று ஒரு மனத்தாங்கல் உண்டு. மலைக்குக் கீழேயே இருக்கிறோம். ஆனாலும் காலையில் குழாயைத் திறந்தால் சில நாள் தண்ணீர் பழுப்பாக வருகிறதே என்கிறார்கள். அநேகமாக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு வடிகட்டி பொருத்தப்பட்டிருப்பதற்கு இந்த மனத்தாங்கலே காரணம். இதன் மூலத்தை ஆராய்ந்தால், பழுதும் பெருமையும் ஒரே குணத்திலிருந்து பிறந்தவை என்பது விளங்கும். மென்னீர் பசித்த நீர். தன்னிடத்தில் உப்பு இல்லாததாலும் சற்றே அமிலத்தன்மை உடையதாலும், தான் தொட்ட உலோகத்தை அது சிறிது சிறிதாகத் தின்னும். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தார் 1859-இல் காட்ரின் ஏரியின் மென்னீரைப் பெருஞ்செலவில் கொண்டுவந்து மகிழ்ந்தார்கள். அந்த நீர் வீடுகளின் ஈயக் குழாய்களை அரித்து, ஈயத்தைக் குடிநீரில் கலந்துவிட்ட சங்கதியை உணர்ந்து பரிகாரம் தேட நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பினாங்கின் பழைய வீடுகளில் உள்ள நாகமுலாம் பூசிய இரும்புக் குழாய்களிலும் இந்தப் பசி தன் வேலையைச் செய்கிறது. உள்ளே துரு படிகிறது. நீரோட்டம் நின்று மறுபடியும் வேகமாகப் பாயும்போது அந்தத் துரு கிளம்பி வருகிறது. கூரைத் தொட்டி ஆண்டுக்கணக்கில் கழுவப்படாமல் இருந்தால் வண்டலும் அதனோடு சேர்ந்துகொள்கிறது.

கடினநீரோ தன் சுண்ணாம்பைக் குழாயின் உட்சுவரில் மெல்லிய போர்வையாகப் படியவிட்டு அதைக் காக்கிறது. இதை அறிந்துதான், சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரம் இட்டுக் கலங்கலைத் தெளிவித்து, மணலில் வடித்து, குளோரின் கலந்து கிருமிகளை ஒழித்தபின், கடைசியாகச் சிறிது சுண்ணாம்பையும் சேர்க்கிறார்கள். தேம்ஸ் நதியின் கடினநீரை மென்மையாக்குவதற்கு 1841-இல் தாமஸ் கிளார்க் என்ற ஸ்காட்லாந்து ரசாயன அறிஞர் கண்ட மருந்தும் சுண்ணாம்பே. மென்னீரின் பசியைத் தணிப்பதற்கு இன்று பயன்படும் மருந்தும் சுண்ணாம்பே. கமுகின் மலாய்ப் பெயரையே தன் பெயராகக் கொண்ட தீவு பினாங்கு. வெற்றிலையும் பாக்கும் அறிந்த நமக்கு, சுண்ணாம்பின் அருமை அதன் அளவில் இருக்கிறது என்பதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை: குறைந்தால் சிவக்காது, மிகுந்தால் நாக்கு வெந்துபோகும்.

ஆக, மலையில் சுத்தமாகப் பிறந்து நிலையத்தில் பக்குவமாகி வரும் நீர் கெட்டுப்போவது பெரும்பாலும் அதன் யாத்திரையின் கடைசிச் சில கஜ தூரத்தில்தான். நம்முடைய காம்பவுண்டுக்குள், நம்முடைய குழாயில், நம்முடைய தொட்டியில்தான். வடிகட்டியில் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கைத் துருப்பிடித்த குழாயை மாற்றுவதிலும், ஆண்டுக்கொருமுறை தொட்டியைக் கழுவுவதிலும் செலவழித்தால், பழுப்பு நீரைப் பற்றிய புகாரில் பெரும்பகுதி தானே தீர்ந்துபோகும். ஊருணியைக் காத்த ஊர்க்கட்டுப்பாட்டின் நியாயம் இதுவேதான்: நீரைத் தருவது வானத்தின் வேலை, அதைக் கெடாமல் வைத்துக்கொள்வது ஊரின் வேலை.

யாத்திரையின் மறுமுனையும் இப்போது வெகுதூரம் போய்விட்டது. 1973-இல் மாநகர சபையின் நீர்ப்பிரிவும் பொதுப்பணி இலாகாவின் நீர்ப்பிரிவும் ஒன்றாக இணைந்து பினாங்கு நீர் வாரியம் பிறந்தது; அதே ஆண்டில் பெருநிலப் பகுதியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையமும் வேலை தொடங்கியது. கெடா மாநிலத்து மலைக்காடுகளிலிருந்து இறங்கிவரும் மூடா நதியே அதன் ஆதாரம். இன்று பினாங்கு மாநிலத்துக்கு வேண்டிய மூலநீரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அந்த நதியிலிருந்தே வருகிறது. கடலுக்கடியில் கிடத்திய குழாய்களின் வழியாக அது தீவை அடைகிறது. 1985-இல் மெங்குவாங் அணையும், 1999-இல் தெலுக் பஹாங் அணையும் துணைக்கு வந்தன. ஆனாலும் ஒரு காலத்தில் கப்பல்களுக்கெல்லாம் தண்ணீர் வார்த்த தீவு, இப்பொழுது கடலைக் கடந்து தண்ணீர் வாங்கிக் குடிக்கிறது. 2024 ஜனவரியில் சுங்கை டுவாவில் பழுதான வால்வுகளை மாற்றுவதற்காக நான்கு நாட்கள் பெரும்பாலான வீடுகளுக்கு நீர் நின்றபோது, வாளியும் அண்டாவும் தேடிப் பரணில் ஏறிய குடும்பங்கள் இந்தச் சரித்திரத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டன. மலேசியாவிலேயே மிகக் குறைந்த கட்டணத்தில் நீர் பெற்று, மிகத் தாராளமாகச் செலவிடும் ஜனங்கள் என்று பெயரெடுத்திருந்தவர்களுக்கு அந்த நான்கு நாட்கள் நல்ல பாடம்.

லோகன் 1848-இல் எழுப்பிய குரலுக்கு இப்போது இரண்டு மலைகள் செவிகொடுக்க வேண்டியிருக்கிறது. பினாங்குக் குன்றின் காடு 2021-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் கெடாவின் உலு மூடா காட்டில் மரம் வெட்டப்படும் ஒவ்வொரு நாளும், பினாங்குக் குழாயின் வருங்காலமும் வெட்டுப்படுகிறது. மாநில எல்லை வரைபடத்தில் இருக்கிறது. மழைக்கும் நதிக்கும் அந்த எல்லை தெரியாது.

தைப்பூச விழாவின்போது பினாங்குக்குப் போய்ப் பார்க்க வேண்டும். 1894-லிருந்து ஓடிவரும், நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் வெள்ளிரதம் தண்ணீர்மலையை நோக்கிப் புறப்படும் வழியெங்கும், சாலையின் இருமருங்கிலும் தண்ணீர்ப் பந்தல்கள். தமிழரும் சீனரும் அவற்றில் நின்று, வருகிறவர் யார், எந்த மதத்தார் என்று கேளாமல் வார்த்துக் கொடுக்கிறார்கள். ஊருணியின் கரையில் பிறந்த தர்மம் கடல் தாண்டி வந்து அந்தப் பந்தலில் நிற்கிறது. அங்கே ஒருவர் கையில் வாங்கும் ஒரு குவளை நீரில், பினாங்கு மலையின் கருங்கல்லில் வழிந்த மழை எவ்வளவு, கெடாக் காட்டின் வேர்களில் ஊறிய மழை எவ்வளவு என்று இனிப் பிரித்துச் சொல்ல முடியாது. நம் முன்னோர்கள் ஒரு குன்றுக்கு வைத்த தண்ணீர்மலை என்னும் பெயர், நீரிணைக்கு அப்பால் உள்ள அந்தக் காடுகளுக்கும் இன்று உரிமையாகிவிட்டது. பெயருக்கு உரியதைக் காக்கும் கடமையும் பெயரோடு கூடவே வருகிறது.